அக்கரையில் செல்லாத அட்டை

மான் வேட்டை சீசன் தொடங்கிய வாரம் அது. அந்த வாரத்தில் ஷேல் பாட்டம் ஊரில் பள்ளிக்கூடம் திறக்காது. பல் பிடுங்க வேண்டுமென்றாலும் டாக்டர் காட்டிலிருந்து இறங்கி வரும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வெர்லின் முதல் நாளே மேட்டு ஓக் மரங்களுக்குக் கீழே ஒரு கிடாமானைச் சாய்த்துவிட்டான். கொட்டகை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு இறைச்சி இறுகியபின், அன்று காலையில் தோலை உரித்துக்கொண்டிருந்தான். குளிரில் தோல் சதையை விட்டு வர மறுத்தது. முஷ்டியை நடுவே கொடுத்து அழுத்தி அழுத்தி இறக்கினான். முழங்கைவரை ரத்தமும் கொழுப்பும். ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் கொட்டகை வாசல்வரை வந்து நின்றது.

"வெர்லின், என் காரு உறுமுது, உறுமிட்டு செத்துப்போகுது," என்றபடி அவன் மனைவி டார்லா வந்தாள். அக்கரை முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டைமேல் கோட்டை மாட்டியிருந்தாள்.

"பேட்டரியா இருக்கும். மத்தியானம் பாக்கறேன்."

"மத்தியானம் நீ பாப்ப. அதுவரைக்கும் அங்க அத்தன கிழடுகளும் பசியோட உக்காந்திருக்கணுமா? உன் டிரக்க எடுத்துக்கறேன்."

"சாவி என் கோட்டுப் பையில இருக்கு. நீயே எடு, இந்தக் கையோட நான் எதையும் தொடக் கூடாது."

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு பைக்குள் கைவிட்டு எடுத்தாள். "ஈரல வீசிடாத. வெங்காயம் போட்டு வதக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிரக் சரளைக்கல் பாதையில் இறங்கி வளைவில் திரும்பும்போதுதான் வெர்லினுக்கு ஞாபகம் வந்தது. கைத்துப்பாக்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி அவளுடைய செல்போனுக்கு அடித்திருக்கலாம். இரண்டு அடி எடுத்தும் வைத்தான். பிறகு நின்றான். கூப்பிட்டால் என்ன சொல்வது? துப்பாக்கி இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். ஆற்றைத் தாண்டி ஒருநாளும் கொண்டுபோவதில்லை என்றும் சொல்லியிருந்தான். கூப்பிட்டால் இரண்டும் பொய்யென்று ஆகிவிடும். 'பாலம் தாண்டினா அஞ்சு நிமிஷம். இருக்கைக்கு அடியில யார் குனிஞ்சு பாக்கப் போறா' என்று நினைத்துக்கொண்டு மறுபடி மானிடம் திரும்பினான்.

ஆற்றுக்கு இக்கரை மேற்கு வர்ஜீனியா, அக்கரை மேரிலாந்து. இக்கரையில் ஷெரீஃப் அலுவலகம் கொடுத்த அனுமதி அட்டை இருந்தால் கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு கடைக்கும் போகலாம், கோயிலுக்கும் போகலாம். பாலத்தின் நடுவில் ஒரு பச்சைப் பலகை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை, துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு ஜெயில். இது வெர்லினுக்குத் தெரியாத விஷயமல்ல. அவனே அக்கரைச் சிறைச்சாலையில் வார்டர். இதே குற்றத்துக்காக உள்ளே வந்தவர்களை அவன் உடை களையச் சொல்லிச் சோதித்திருக்கிறான்.

ஆனாலும் கொண்டுபோனான். ஒருமுறை ஷிஃப்ட் முடிந்து அக்கரைப் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, விடுதலையாகிப் போன ஒருவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "சார் வீடு கிரீக் ரோட்லதானே? சிவப்புக் கூரை," என்றான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அன்றிலிருந்து துப்பாக்கி டிரக்கை விட்டு இறங்கவில்லை. சிறைச்சாலை வாகன நிறுத்தத்துக்குள்ளும் போய்வந்தது. அங்கே ஆயுதம் இருப்பது தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். அந்தப் பயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பயம் என்று ஒத்துக்கொள்வதைவிட உரிமை என்று பேசுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. காபிக்கடையில் அவன் பேசத் தொடங்கினால் நாலு மேஜை திரும்பிப் பார்க்கும்.

முதுகுச் சதையை எடுத்துத் தாளில் சுற்றும்போது போன் அடித்தது. டார்லாவின் தங்கை நடீன். அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள்.

"அக்காவப் புடிச்சிட்டாங்க."

"யார் புடிச்சா?"

"போலீஸ். உன் வண்டியில பின்னால லைட்டு எரியலையாம், நிறுத்தியிருக்காங்க. பிரேக் போட்டதும் சீட்டுக்கு அடியிலேருந்து துப்பாக்கி வழுக்கிட்டு வந்து அவ காலடியில நின்னுருக்கு. அவளே சொல்லியிருக்கா, 'ஐயா, என் காலுகிட்ட துப்பாக்கி கெடக்கு, நான் கைய ஸ்டீயரிங் மேலயே வெச்சிருக்கேன்'னு."

"அப்புறம்?"

"யாருதுன்னு கேட்டிருக்காங்க. 'என்னுது'ன்னு சொல்லிட்டா."

வெர்லின் கையிலிருந்த இறைச்சிப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"கேக்குதா வெர்லின்? என்னுதுன்னு சொல்லியிருக்கா. நான் வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன். கையக் கழுவிட்டு நில்லு."

டார்லாவிடமும் அந்த அட்டை உண்டு. தீயணைப்பு நிலையக் கூடத்தில் வகுப்பு நடந்தபோது, தனியாகப் போக வெர்லினுக்குச் சோம்பலாக இருந்ததால் அவளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தான். காகித மனிதனைச் சுட்டாள், தேறினாள், அட்டையைப் பணப்பையில் போட்டாள். அதன்பின் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவள் எதற்காக 'என்னுது' என்றாள் என்பது வெர்லினுக்கு விளங்காமல் இல்லை. இருக்கைக்கு அடியில் இருந்தது என்றால் அது தினமும் சிறைக்குப் போய்வந்த துப்பாக்கி என்பது காலடியில் அது வந்து நின்ற கணத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். அவனுடைய வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னாள். குழாயடியில் நின்று கையைத் தேய்க்கத் தேய்க்க, விரல் இடுக்கில் இருந்த ரத்தம் போகவில்லை.

நடீன் காரில் வழிநெடுகப் பொரிந்தாள்.

"எங்க பக்கம் வரும்போது எங்க சட்டத்த மதிக்கணுமா இல்லையா?"

"உங்க சட்டம் என்ன சட்டம்? எங்க பக்கத்து டிரைவிங் லைசென்ஸ் உங்க ஊர்ல செல்லும். எங்க பக்கத்துல பண்ணின கல்யாணம்..." என்று தொடங்கியவன் தன் பேச்சைத் தானே கேட்டு வெட்கினான். என்றாலும் பழகிய நாக்கு நிற்கவில்லை. "கல்யாணப் பத்திரம் செல்லும். இது மட்டும் பாலத்து நடுவுல வெத்துக் காகிதமா மாறிடுமா? கெட்டவன் பாலத்தப் பாத்துத் திரும்பிப் போறானா?"

"லைசென்ஸ் வாங்க ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஓட்டிக் காட்டணும். துப்பாக்கிக்கு அப்படியா? எங்க பக்கம் கைரேகை, விசாரண, நாள்பூரா வகுப்பு. உங்க பக்கம் ஒரு மத்தியானம் சாசேஜ் தின்னுகிட்டே கத்துக்கிட்டு அட்டைய வாங்கிட்டு வந்துடறீங்க. அந்தச் சாசேஜுக்கு நாங்க எதுக்குக் கட்டுப்படணும்?"

"சரி நடீன்."

"நாங்க ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. எங்க தெருவுல ரெண்டு சாவு விழுந்ததுக்கப்புறம் கொண்டுவந்தோம்."

"சரின்னேனே."

நடீன் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அது அவளுதா, வெர்லின்?"

பனிமூட்டம் விலகி ஆறு தெரிந்தது. கரையோர நாணல்களில் உறைபனி. "அவதான் சொல்லிட்டாளே," என்றான்.

காவல் நிலைய மேஜையில் கர்ட் இருந்தான். கைதிகளைச் சிறைக்குக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் வெர்லினோடு நின்று பேசிவிட்டுப் போகிறவன். இவனைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"மன்னிச்சுக்கோப்பா. உன் சம்சாரம்னு தெரிஞ்சாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நல்லவிதமாத்தான் நடந்துக்கிட்டோம். பொம்பளப் போலீஸ்தான் சோதன போட்டாங்க."

சோதனையில் எதையெல்லாம் களையச் சொல்வார்கள், எப்படித் திரும்பி நிற்கச் சொல்வார்கள், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்வார்கள் என்று வெர்லினுக்குத் தெரியும். அவனே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான், மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே.

"நீதிபதி முன்னால ஆஜராகறேன்னு கையெழுத்து வாங்கிட்டு விட்டுடறோம்," என்றான் கர்ட். பிறகு நட்பாக, கொஞ்சம் கடிந்துகொள்வதுபோல, "ஆனா நீயாவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? அந்த அட்ட இங்க செல்லாதுன்னு உனக்குத் தெரியாதா?"

வெர்லின் உடனே சொன்னான்: "சொன்னேன். எங்க கேக்கறா?"

கர்ட் தலையை ஆட்டிச் சிரித்தான். தன் பேச்சை மனைவி கேட்பதில்லை என்று எல்லாக் கணவர்களும் சிரிக்கிற சிரிப்பு. வெர்லினும் கூடச் சிரித்தான்.

கர்ட்டுக்குப் பின்னாலிருந்த கதவு பாதி திறந்திருந்தது. அதன் நிலையில் டார்லா கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

டார்லா முன்னால் வந்து, கொடுத்த தாளை வாங்கி மடித்தாள். கர்ட்டிடம் நன்றி சொன்னாள். டிரக்கை அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டதால் நடீன் காரிலேயே திரும்பினார்கள். டார்லா முன்னால் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெர்லின் பின்னால்.

வீட்டில் அவள் நெடுநேரம் குளித்தாள். வெந்நீர் தீர்ந்து குழாயில் பச்சைத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் குளித்தாள். வெளியே வந்து, ஈரலைக் கழுவி, வெங்காயத்தை நறுக்கி வதக்கினாள். சொன்னபடி.

"டார்லா, நீ எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"வேற என்ன சொல்றது? 'என் புருஷனுது, அவரு ஜெயில் வார்டரு'ன்னா? பென்ஷனுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னு நீதானே தெனமும் சொல்லிட்டிருக்க."

"வக்கீலு ஏதாவது பண்ணுவாங்க. முதல் தடவதானே. மொத்தமா விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்க," என்றாள் அவளும். அவன் தட்டில் ஈரலை வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அவன் காத்திருந்தான், கதவு நிலையில் நின்று கேட்டதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று. திட்டினால் நன்றாக இருக்கும். அவள் அதைப் பேசவே இல்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும்.

முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. வழக்கு முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். யாருக்குக் கோழியை மசிக்க வேண்டும், யாருக்கு உப்புக் கூடாது, பார்வை போன எந்தக் கிழவர் கையில் கரண்டியைக் கொடுத்து விரல்களை மூடிவிட வேண்டும் என்பதையெல்லாம் டார்லா தன் இடத்துக்கு வந்த பெண்ணுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். வைத்த பிறகு போனைப் பார்த்தபடியே நின்றாள். வெர்லின் சீருடை போட்டுக்கொண்டு, அவளுடைய காரில் பேட்டரியை மாற்றி எடுத்துக்கொண்டு, தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போனான்.

இக்கரையில் கதை வேறு மாதிரி ஆனது. வேட்டைச் சங்கத் தலைவர் டெல்பர்ட் வீட்டுக்கே வந்தார். பெரிய உடம்பு, கணீர்க் குரல்.

"அக்கரைக்காரனுக்கு நம்ம பொம்பளைங்கன்னா அவ்வளவு இளக்காரமா? கெழவங்களுக்குச் சோறாக்கப் போனவளக் கொண்டுபோய் லாக்கப்ல வெச்சிருக்கான். இத விடக் கூடாது. வக்கீல் செலவுக்கு ஒரு சாப்பாடு போடுவோம். ஒரு மாநிலத்து அட்ட எல்லா மாநிலத்துலயும் செல்லணும்னு தீர்மானம் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்புவோம். வெர்லின், நீதான் பேசணும். ஒன்ன மாதிரி பேச இங்க ஆள் இல்ல."

வெர்லின் டார்லாவைப் பார்த்தான். அவள் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை மாலை தீயணைப்பு நிலையக் கூடத்தில் இடமில்லாமல் ஜனம் வந்தது. புளிக்கவைத்த பக்வீட் தானிய மாவில் தோசைகளை அகலமாக வார்த்துப் பன்றி சாசேஜோடு போட்டார்கள். மேப்பிள் பாகு வாசனையும் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாசனையும் கலந்து அடித்தன. பெண்கள் டார்லாவின் கன்னத்தில் முத்தமிட்டார்கள். கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நடீனும் வந்து கதவோரத்தில் கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

வெர்லின் பேசினான். நன்றாகத்தான் பேசினான். நதி ஒன்று, காற்று ஒன்று, ஆபத்தும் ஒன்று, சட்டம் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டான். ஆபத்து பச்சைப் பலகையைப் பார்த்து நின்றுவிடுமா என்றான். அதைச் சொல்லும்போது பெட்ரோல் பங்கில் சிரித்த முகம் நிஜமாகவே கண்முன் வந்தது, குரல் தழுதழுத்தது. மனைவியை நினைத்து உருகுகிறான் என்று கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் அடங்கும்போது, பாதிரியாரின் மனைவி டார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அவன் காதில் விழுந்தது.

"பாவம், அந்த ரோட்டுல தனியாப் போக பயமா இருந்திருக்கும் இல்லம்மா? அதான் வெச்சிருந்தியா?"

டார்லாவின் முகம் காது நுனிவரை சிவந்தது. கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள் அந்த அம்மாள். டார்லா பொய் சொல்லி வெர்லின் கேட்டதில்லை. பிறந்தநாள் பரிசை ஒளித்துவைத்தால்கூட முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவாள்.

"ஆமா," என்றாள். "பயமா இருந்துச்சு."

பிறகு எழுந்து சமையல் பக்கம் போய், யாரும் கேட்காமலே தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். "உனக்காகத்தானே இதெல்லாம், நீ போய் உக்காரு," என்று பெண்கள் இழுத்தார்கள். அவள் முகத்தைத் திருப்பாமல், "இருக்கட்டும், எனக்குக் கைக்கு ஏதாவது வேல வேணும்," என்றாள்.

வெர்லின் வெளியே வந்தான். நடீன் பின்னாலேயே வந்தாள்.

"நல்லாப் பேசின."

"நடீன், வேணாம்."

"எங்க அக்கா மொளகுத் தூள் டப்பா இருந்த எடம் மாறினாலே என்கிட்ட போன் பண்ணிச் சொல்றவ. துப்பாக்கி தூக்கிட்டுத் திரிஞ்சா சொல்லாம இருப்பாளா? நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. அவ வேணாம்னுட்டா. ஆனா நீ எப்படித்தான் அந்த மேடையில நின்னியோ தெரியல. எனக்குக் கேட்டுக்கிட்டு நிக்கவே கூசுது."

உள்ளே தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. மழையும் பனியும் கலந்து தூற ஆரம்பித்தது. வெர்லினுக்குத் தோன்றியது ஒன்றுதான்: உள்ளே இருக்கிற அத்தனை பேரும் தன்னை நல்லவன் என்று நினைக்கிறார்கள், தன்னைப் பார்க்காமல் தட்டுக் கழுவுகிற ஒருத்தியைத் தவிர.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் சொன்னான். "திங்கக்கெழம வக்கீல்கிட்ட போலாம்."

"அவங்க கூப்பிடலையே."

"நான் சொல்லணும். அது என்னுதுன்னு."

வைப்பர் நாலைந்து முறை போய்வந்தது. "போலாம்," என்றாள் டார்லா. "எனக்குத்தான் இப்ப காலையில போறதுக்கு எடமில்லையே."

டார்லாவின் வக்கீல் ஷோவால்டர் இளம்பெண். அறை முழுக்கக் கட்டுக்கட்டாக வழக்குகள், ஜன்னலோரம் வாடிய செடி. வெர்லின் சொல்ல வாயெடுத்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மிஸ்டர் வெர்லின், மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நான் உங்க வக்கீல் இல்ல, இவங்க வக்கீல். நீங்க இங்க சொல்றத நான் இவங்களுக்காகப் பயன்படுத்துவேன். உங்களுக்கு அதனால வேல போகலாம். பென்ஷன் போகலாம். உங்க மேலயே வழக்கு வரலாம். இத வேற ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு நாளைக்கு வாங்க. இல்ல, வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

வெர்லின் டார்லாவின் பக்கம் திரும்பினான்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படிப்பட்ட நேரங்களில் அவள்தான் முதலில் பேசுவாள். அவன் மேலதிகாரியோடு சண்டை போட்டு ராஜினாமா எழுதியபோது "கிழிச்சுப் போடு, நான் ரெண்டு ஷிஃப்ட் பாக்கறேன்" என்றவள். முழங்கால் ஆப்பரேஷனுக்கு அவன் பயந்தபோது "விடு, வேற டாக்டரப் பாப்போம்" என்றவள். இப்போதும் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். 'வேணாம் வெர்லின், விடு, நான் பாத்துக்கறேன்.' அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அதை அவள் சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது.

டார்லா கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாடிய செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வேணாம்," என்றான் வெர்லின். "எழுதிக்கங்க. துப்பாக்கி என்னுது. எப்பவும் வண்டியிலதான் இருக்கும். ஜெயிலுக்குள்ள நிறுத்துற எடம்வரைக்கும் போகும். இவளுக்குத் தெரியாது. வீட்ல பூட்டியிருக்குன்னு சொல்லி ஏமாத்தியிருந்தேன். அன்னைக்கு இவ கிளம்பும்போது எனக்கு ஞாபகம் வந்துச்சு. வந்தும் கூப்பிடல."

எழுதிக்கொண்டிருந்த ஷோவால்டர் நிமிர்ந்தாள். கடைசியில் சொன்னது டார்லாவுக்கும் புதிது. மெதுவாகத் திரும்பி அவனை முதன்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"நான் பாலத்த எட்டறதுக்குள்ளயா?"

"நீ வளைவுல திரும்பும்போதே."

அவள் மறுபடி செடியைப் பார்த்தாள். ஷோவால்டர் மேஜைமேலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். டார்லா அதைத் தொடவில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றான் வெர்லின். "ஸ்டேஷன்ல கர்ட்கிட்ட, 'சொன்னேன், இவ கேக்கல'ன்னு சொன்னேன். அதுவும் பொய். அதையும் எழுதிக்கங்க."

"அது வழக்குக்குத் தேவையில்லையே," என்றாள் ஷோவால்டர்.

"எழுதிக்கங்கம்மா."

டார்லா மீதான வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். வெர்லின்மேல் வழக்குப் போடவில்லை. அவன் வாயால் சொன்னது தவிர வேறு சாட்சியில்லை என்று அரசாங்க வக்கீல் விட்டுவிட்டார். சிறைச்சாலை விடவில்லை. தானாக விலகுகிறாயா, விலக்கட்டுமா என்று கேட்டது.

டெல்பர்ட் பேசுவதை நிறுத்திக்கொண்டார். "உன்னால அக்கரைக்காரன் சிரிக்கறான். பாத்தியா, இவனுங்க அட்ட லட்சணம் இதுதான்னு சொல்றான்," என்று ஒருநாள் மட்டும் கடை வாசலில் சொன்னார். ஒரு மாநிலத்து அட்டை எல்லா இடத்திலும் செல்ல வேண்டும் என்றுதான் வெர்லின் அப்போதும் நம்பினான். அதைச் சொல்ல வாய்தான் வரவில்லை. காபிக்கடையில் சுவரோர மேஜையில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தான்.

ஜனவரியில் சீருடையை ஒப்படைக்கப் போனான். நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்த கைதி ஒருவன், பல வருஷமாக உள்ளே இருக்கிறவன், துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"சார், வீட்ல அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? உள்ள வெச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். எங்களுக்கெல்லாம் கஷ்டமாப் போச்சு."

கேலியில்லை. நிஜமாகவே கேட்டான். வெர்லினுக்கு அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "நல்லா இருக்கா," என்று சொல்லிவிட்டு ஈரத்தரையில் கால் வழுக்க நடந்தான்.

வெளியே டார்லா கார் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுத்துட்டியா?"

"ம்."

"என்ன எறக்கி விட்டுட்டு நீ காரக் கொண்டுபோ. அஞ்சு மணிக்கு வந்துடு. இன்னைக்கு அங்க கோழி, மிச்சம் இருந்தா கொண்டாரேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவளுடைய சொந்தக் கார், இப்போதெல்லாம் தினமும் அவளே ஓட்டுவது. கதவைத் திறந்தவள் உட்காருவதற்கு முன் குனிந்தாள். கையை இருக்கைக்கு அடியில் கடைசிவரை நீட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை துழாவினாள். பிறகு உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கையிலிருந்த தூசியை உதறிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். தான் செய்தது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வெர்லின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.